சோத்தெர்ன் வைனும் அதற்கேற்ற உணவும்: அரை பாட்டிலில் தொடங்குங்கள்

இனிப்பு வைன் என்றதும் கேக்கைத் தேடாதீர்கள். பிரான்சின் போர்தோ பகுதியில் செய்யும் இனிப்பு வெள்ளை வைனான சோத்தெர்னுக்கு (Sauternes) உப்பும் கொழுப்பும்தான் நெருங்கிய சொந்தம். அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைச் செய்து பாருங்கள்.

1. பாட்டில் வாங்குவது

375 மில்லி அரை பாட்டில் போதும். ஆளுக்கு 60 மில்லி ஊற்றினால் ஆறு பேருக்கு வரும். லேபிளில் சோத்தெர்ன் அல்லது பார்சாக் என்று இருக்க வேண்டும். பார்சாக் சோத்தெர்ன் பகுதியிலுள்ள ஓர் ஊர்; அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பெயரில் எதையும் போட்டுக்கொள்ளலாம். கடைசி 'எஸ்' எழுத்து இல்லாத பழைய கலிஃபோர்னியா பாட்டில்கள் வேறு சரக்கு. சோத்தெர்ன் பண்ணைகள் இனிப்பில்லாத வெள்ளை வைனும் செய்கின்றன. அதில் பெரும்பாலும் போர்தோ என்றே இருக்கும். பண்ணையின் பெயரை மட்டும் பார்த்து அதை எடுத்துவிடாதீர்கள்.

விலை ஏன் அதிகம்? போர்தோ நகரத்துக்குத் தென்கிழக்கே, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, குளிர்ந்த சிரோன் சிற்றாறு கரோன் ஆற்றில் சேர்கிறது. இலையுதிர்கால விடியலில் அங்கே மூடுபனி எழும். மதியம் வெயில் காயும். அந்த ஈரத்தில் பொட்ரைட்டிஸ் பூஞ்சை திராட்சைத் தோலைத் துளைக்க, நீர் ஆவியாகிப் பழம் சுருங்கும். சர்க்கரையும் புளிப்பும் செறியும். எல்லாப் பழமும் ஒரே நாளில் சுருங்காது. அதனால் ஆட்கள் ஒரே வரிசையில் பலமுறை நடந்து, பக்குவமானதை மட்டும் பறிப்பார்கள். போர்தோ வைன்களுக்கான 1855 தரவரிசையில் தனி உச்சம் பெற்ற ஷாத்தோ திகெம் பண்ணையில், ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் வைன் என்பதுதான் கணக்கு. சோத்தெர்ன் விலை கைக்கு எட்டாவிட்டால் கரோன் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள லூப்பியாக், சாந்த்-குருவா-து-மோன் ஊர்களின் இனிப்பு வைன் பாட்டில்களை வாங்குங்கள். தொடக்கத்துக்கு அவை நல்ல தேர்வு.

2. குளிர வைப்பது

ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம். எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றினால் சுமார் 10 டிகிரி இருக்கும். 4 டிகிரியில் மணம் எழாது, வெறும் இனிப்புதான் தெரியும். 18 டிகிரியில் ஆல்கஹால் மேலெழுந்து, வாய் பிசுபிசுக்கும். குட்டி லிக்கர் கிளாஸ் வேண்டாம். வாய் குறுகிய சாதாரண வெள்ளை வைன் கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றுங்கள். மணம் சேர இடம் வேண்டும்.

கார்க்கின் அடியிலோ பாட்டிலின் அடியிலோ கண்ணாடித் துகள் போலப் பளபளக்கும் படிகங்கள் தெரிந்தால் பயப்படாதீர்கள். கண்ணாடியும் இல்லை, சர்க்கரையும் இல்லை; குளிரில் படிந்த டார்டாரிக் உப்பு. கடைசி விரற்கடை அளவை ஊற்றாமல் விட்டால் போதும்.

3. முதலில் சீஸ்

ஆளுக்கு 30 கிராம் ரோக்ஃபோர். செம்மறிப் பாலில் செய்த நீலப் பூஞ்சை சீஸ் இது, நல்ல உப்பு. முக்கால் மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். குளிர்ந்திருந்தால் உப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். சுவையற்ற ரொட்டித் துண்டில் தடவி, மென்று, பாதி விழுங்கும்போது ஒரு மிடறு. உப்பு இனிப்பை மட்டுப்படுத்தும், வைனின் புளிப்பு கொழுப்பைக் கழுவும். ரொட்டியில் திராட்சையோ தேனோ கலந்திருந்தால் இந்தப் பொருத்தம் கெட்டுவிடும்.

வெண்ணெய் தடவி வாட்டிய முழுக்கோழியும் அருமையாகப் பொருந்தும். பலர் இதை முயல்வதே இல்லை! ஃப்வா கிராவை (கொழுக்க வைத்த வாத்தின் ஈரல்) சோத்தெர்னோடு விருந்தின் தொடக்கத்தில் வைப்பது அங்கே வழக்கம். ஆனால் அதன் பின்னால் வரும் இனிப்பில்லாத வைன் கடுகடுப்பாக இருக்கும். நடுவில் ஒரு சூப் கொடுங்கள்.

4. இனிப்பு: இங்கேதான் சறுக்கும்

பண்டம் வைனைவிட இனிப்பாக இருக்கவே கூடாது. நாக்கு ஏற்கெனவே சர்க்கரையில் தோய்ந்திருந்தால், அதே வைன் புளித்து, நீர்த்து, ஆல்கஹால் எரிச்சலோடு இறங்கும். குற்றம் வைனில் இல்லை. சோதிக்க வழி: பண்டம் ஒரு கரண்டி, உடனே ஒரு மிடறு. வைன் புளித்தால் சர்க்கரையைக் குறையுங்கள்.

கிரெம் புருலேவுக்கு (மேலே சர்க்கரையை உருக்கிய கஸ்டர்ட்) அரை லிட்டர் கிரீம், ஐந்து மஞ்சள் கரு, 60 கிராம் சர்க்கரை. வழக்கமான 100 கிராம் வேண்டாம். மேல் சர்க்கரையை மெல்லிய படலமாகத் தூவி, கருகவிடாமல் பொன்னிறத்தில் நிறுத்துங்கள். புளிப்புள்ள ஆப்ரிகாட் டார்ட் இன்னும் எளிது. வைனிலேயே ஆப்ரிகாட் மணம் உண்டு. சாக்லேட்டை ஒதுக்குங்கள், அதன் கசப்பு வைனை அமுக்கிவிடும்.

*பின்சேர்க்கை:* காரத்தோடு குடிக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இஞ்சி, மிளகு அளவுக்குச் சரி. மிளகாய் தூக்கலானால் 13–14 சதவீத ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும்.

5. மீதி

கார்க்கை மூடி, பாட்டிலை நிமிர்த்தி ஃபிரிட்ஜில் வையுங்கள். படுக்க வைத்தால் காற்றுப் படும் பரப்பு கூடும். ஒரு வாரம் நன்றாகவே இருக்கும். மிச்சமிருக்கும் ரோக்ஃபோரை அதற்குள் முடித்துவிடுங்கள்.