ஹெட்போனுக்கு அம்ப் பொருத்துவது எப்படி: ஓம் கணக்கிலிருந்து தவில் தொப்பி வரை

ஹெட்போனில் பாஸ் (அடித்தொனி) காணாது என்றால், "ஒரு அம்ப் வாங்கு, எல்லாம் சரி வரும்" என்றுதான் முதலில் சொல்லுவார்கள். பலருக்கு அது வீண் செலவு. அம்ப் என்பது ஹெட்போனுக்குப் போகும் மின்சிக்னலைப் பெருக்கும் பெட்டி, அது புதிதாகப் பாஸ் எதையும் உண்டாக்குவதில்லை. பாஸைக் கூட்டுபவை இரண்டு: காது மெத்தை இடைவெளி இல்லாமல் தலையோடு ஒட்டி நிற்பது, தொனிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர். அப்படிக் கூட்டும்போது மேலதிகமாகத் தேவைப்படும் மின்சக்தியைத் திணறாமல் கொடுப்பதே அம்பின் வேலை. ஆகவே மெத்தை, கணக்கு, அம்ப், ஈக்குவலைசர் என்ற ஒழுங்கில் போவோம். புளூடூத் ஹெட்போன்களுக்குள் அம்ப் ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் பாடம் வயர் உள்ள ஹெட்போன்களுக்கு.

காசு செலவழிக்க முன் ஒரு சோதனை

நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த ஒரு பதிவைப் போடுங்கள், கிட்டடியில் பதிவு செய்ததாக இருக்கட்டும். தவில் வித்துவான் யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் பழைய பதிவுகள் வாசிப்புக்காகக் கேட்க வேண்டியவை, ஆனால் பாஸ் சோதனைக்கு உதவா. அந்தக் கால ஒலிநாடாவிலேயே அடித்தொனி மெலிந்துபோய்த்தான் இருக்கும். தவிலில் விரல்கூடு போட்டு வாசிக்கும் வலந்தலையை விட்டுவிட்டு, தடியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு அடியிலும் இரண்டு ஒலி இருக்கிறது. தடி தோலில் படும் "டப்" முதலாவது, அதற்குப் பின்னால் உருண்டு அடங்கும் "ம்ம்" இரண்டாவது. "டப்" கேட்டு, உருளல் கேட்காவிட்டால் உங்களுக்குப் பாஸ் காணாது.

இப்போது இரண்டு கையாலும் ஹெட்போனின் இரு பக்கத்தையும் மெதுவாகக் காதோடு அழுத்துங்கள். உருளல் உடனே கூடி வந்தால் பிழை மெத்தையில். கண்ணாடிக் காம்பு, காதை மூடிய முடி, சப்பையாகிப்போன மெத்தை, இவற்றில் ஏதாவது ஒன்று காற்றை வெளியே விடுகிறது. எங்கள் ஊர் வெக்கையிலும் வியர்வையிலும் செயற்கைத் தோல் மெத்தை கறுப்புச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்த மெத்தையை மாற்றாமல் எந்த அம்பையும் பூட்டிப் பிரயோசனம் இல்லை. அதே மொடலுக்குரிய மெத்தையையே வாங்குங்கள். தடிப்பு மாறினால் தொனியும் மாறும். வெல்வெட் மெத்தை குளிர்ச்சிதான், ஆனால் அடைப்புக் குறைந்து பாஸும் சற்றுக் குறையும்.

முதுகுப் பக்கம் சல்லடையாகத் திறந்திருக்கும் ஹெட்போன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆழமான பாஸ் அமைப்பிலேயே குறைவு. அதோடு மேலே ஃபான் சுற்றும் சத்தமும் உள்ளே வந்து, இருக்கும் பாஸையும் மூடிவிடும். ஃபானை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுக் கேட்டால் வித்தியாசம் விளங்கும்.

ஓமும் டெசிபலும்: ஐந்து நிமிடக் கணக்கு

போட்டுக் கேட்டுப் பார்க்க வழி இல்லாமல் இணையத்தில் ஓடர் பண்ணுபவர்களுக்கு இந்தக் கணக்குத்தான் துணை. பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு ஹெட்போன் காட்டும் தடை), ஓமில். மற்றது உணர்திறன் (குறித்த அளவு மின்னுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது), டெசிபலில். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "ஓம் கூடினால்தான் அம்ப் தேவை" என்பது அரைகுறைக் கதை.

உணர்திறனில் ஒரு பொறி இருக்கிறது. சில கொம்பனிகள் ஒரு மில்லிவாட்டுக்கு எவ்வளவு டெசிபல் என்று எழுதுவார்கள், சில ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு என்று. இரண்டையும் நேரே ஒப்பிட முடியாது.

எவ்வளவு சத்தத்துக்குக் கணக்குப் பார்ப்பது? சராசரியாக 80 டெசிபலில் கேட்டாலும், ஒரு தவில் அடி அதற்கு மேல் 20, 25 டெசிபல் துள்ளும். கொஞ்சம் மிச்சம் வைத்து, உச்ச அடிக்கு 110 டெசிபல் என்று எடுப்போம். இது கணநேர உச்சத்துக்கான இடம் மாத்திரமே, அந்தச் சத்தத்தில் கேட்கச் சொல்லவில்லை. 80 டெசிபலில் வாரம் 40 மணித்தியாலம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

நான்கு ஹெட்போன்களுக்கு, ஈக்குவலைசர் போடாமல், அந்த 110 டெசிபலுக்கு வேண்டியது இதோ (வோல்ட்டுக்கு என்று குறிக்காத உணர்திறன் எல்லாம் மில்லிவாட்டுக்கு):

ஓடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் (38 ஓம், 99 டெசிபல்): ஏறத்தாழ 13 மில்லிவாட், 0.7 வோல்ட்.
ஸென்ஹைசர் எச்.டி. 650 (300 ஓம், வோல்ட்டுக்கு 103 டெசிபல்): 17 மில்லிவாட், 2.2 வோல்ட்.
பேயர்டைனமிக் டி.டி. 990 புரோ (250 ஓம், 96 டெசிபல்): 25 மில்லிவாட், 2.5 வோல்ட்.
ஹைஃபைமேன் எச்.இ. 400எஸ்.இ. (25 ஓம், 91 டெசிபல்): 80 மில்லிவாட், 1.4 வோல்ட்.

கடைசி வரியைக் கவனியுங்கள். ஓம் மிகக் குறைந்தது அதுதான், சக்தி மிகக் கூடுதலாகக் கேட்பதும் அதுதான். அதற்கு வோல்ட் பெரிதாக வேண்டாம், மின்னோட்டம் வேண்டும்: 56 மில்லிஅம்பியர் வரை. 300 ஓம் ஹெட்போனுக்கு நேர் எதிர்: மின்னோட்டம் 7, 8 மில்லிஅம்பியர் போதும், வோல்ட்தான் வேண்டும்.

நீங்களே கணக்கிட: 110 இலிருந்து உங்கள் ஹெட்போனின் மில்லிவாட் உணர்திறனைக் கழியுங்கள். மிச்சத்தில் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் சக்தி 10 மடங்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் 2 மடங்கு. 14 டெசிபல் என்றால் 25 மடங்கு, அதாவது 25 மில்லிவாட்.

இதைப் போனோடு ஒப்பிடுங்கள். ஆப்பிளின் சிறிய யூ.எஸ்.பி.-சி டொங்கிளில் (போனில் குத்தி ஹெட்போனைப் பூட்டும் முனை) அமெரிக்க வகை 1 வோல்ட் வரை தரும். ஐரோப்பாவில் விற்கும் வகை அதில் பாதிதான். பாரிஸ் மாமா கொண்டுவந்த டொங்கிளில் சத்தம் குறைவு என்றால் காரணம் அதுதான். பல ஆண்ட்ராய்ட் போன்களில் அமெரிக்க வகையும் பாதி வோல்ட்டிலேயே நின்றுவிடுவது உண்டு. எம்50எக்ஸுக்கு 1 வோல்ட் தாராளம், அம்ப் வாங்கத் தேவையில்லை. மற்ற மூன்றுக்கும் அம்புக்கு வேலை இருக்கிறது.

அம்பில் பார்க்க வேண்டியவை

உங்கள் ஹெட்போனின் ஓமில் எத்தனை மில்லிவாட் என்று பாருங்கள். "32 ஓமில் 1 வாட்" என்று பெரிதாக எழுதியிருக்கும் அம்ப் 300 ஓமில் 100 மில்லிவாட்தான் தரலாம். அது எச்.டி. 650க்குப் போதும், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.

அடுத்தது வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது அம்பின் சொந்தத் தடை. ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது நடைமுறை அளவு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். இன்றைய நல்ல அம்ப்கள் 1 ஓமுக்கும் கீழே இருக்கும். வீட்டில் கிடக்கும் பழைய ஸ்டீரியோ ரிசீவரின் தடித்த ஹெட்போன் துளைதான் சிக்கல். பல ரிசீவர்களில் ஸ்பீக்கர் வெளியீட்டில் இருந்து சில நூறு ஓம் தடையி ஊடாகத்தான் அந்தத் துளைக்கு லைன் வரும்.

அதனால் என்ன நடக்கும்? ஒரு ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லாத் தொனிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பெட்டியில் 32 ஓம் என்று போட்டிருந்தாலும் பாஸ் பகுதியில் 60 ஓம் வரை ஏறலாம். 120 ஓம் வெளியீட்டில் அதைப் பூட்டினால் அந்தப் பாஸ் பகுதி மட்டும் 4 டெசிபல் மேலே வரும். கேட்டவுடன் "ஆகா, பாஸ்" என்று தோன்றும். ஆனால் தொப்பி அடி ஒன்றுக்குப் பின்னால் மற்றது வரும் இடத்தில் எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கொழகொழவென்று கேட்கும். எச்.டி. 650 போன்ற 300 ஓம் ஹெட்போனில் அதே வெளியீடு ஒரு டெசிபல் அளவில்தான் மாற்றும். ஆகவே பழைய ரிசீவர் இருந்தால் கூடிய ஓம் ஹெட்போனை அதோடு சேர்ப்பது புத்தி.

கனடாவில் இருந்து வந்த அம்ப் என்றால் நில்லுங்கள்

இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். உறவினர் கொண்டுவந்த அம்பின் அடப்டரைத் திருப்பி, பொடி எழுத்தை வாசியுங்கள். "100-240" என்று இருந்தால் முனை மாற்றி மட்டும் போதும். "120" என்று மட்டும் இருந்தால் நேரே குத்தக்கூடாது. குத்திய சில நொடியிலேயே அடப்டர் எரியலாம். பல மேசை அம்ப்களின் அடப்டர், பாரமான, உள்ளே டிரான்ஸ்ஃபோர்மர் வைத்த ஏ.சி. வெளியீட்டு வகை. அதற்குப் பதிலாகக் கையில் கிடக்கும் ரவுட்டர் டி.சி. அடப்டரைப் பூட்ட வேண்டாம். அதே வோல்ட், அதே ஏ.சி. வகை, அதே அல்லது கூடிய மில்லிஅம்பியர், இந்த மூன்றும் பொருந்தும் 230 வோல்ட் அடப்டரே வேண்டும். லண்டனில் இருந்து வந்ததென்றால் வோல்ட்டும் சரி, சதுர முனைப் பிளக்கும் சரி.

இணைக்கும் ஒழுங்கு

1. அம்ப் நிறுத்தியபடி இருக்கட்டும். வொலியூம் நொப்பை இடப்பக்கம் கடைசிவரை திருப்புங்கள். கெய்ன் (எத்தனை மடங்கு பெருக்குவது என்ற அளவு) சுவிச் இருந்தால் "லோ" பக்கம்.

2. போன் அல்லது லப்டொப்பில் இருந்து யூ.எஸ்.பி. டாக் (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக்கும் பெட்டி), அதன் லைன் வெளியீட்டில் இருந்து ஆர்.சி.ஏ. வயரால் அம்பின் உள்ளீடு. சிவப்பு வலது, வெள்ளை இடது. டாக் இல்லாவிட்டால் டொங்கிளில் இருந்து 3.5 மில்லிமீட்டர் முனையை இரண்டு ஆர்.சி.ஏ. ஆக்கும் வயர் போதும்.

3. அம்பைப் போட்டு அரை நிமிடம் விடுங்கள். சில அம்ப்கள் தொடங்கும்போது "டக்" என்று அடிக்கும். அந்த அடி ஹெட்போனுக்கும் காதுக்கும் கூடாது. அதற்குப் பிறகுதான் ஹெட்போனைக் குத்த வேண்டும். நிறுத்தும்போது ஹெட்போனை முதலில் கழற்றுங்கள்.

4. போனிலோ லப்டொப்பிலோ வொலியூமை முழுதாக வையுங்கள். ஒலி கரகரத்தால் 90 சதவீதத்துக்கு இறக்குங்கள். இனிச் சத்தத்தை அம்பின் நொப்பால் மட்டும் கூட்டுங்கள், மெதுவாக.

5. நொப் மணிக்கூட்டு முள்ளில் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் வந்து நிற்பது நல்லது. 2 மணியைத் தாண்டியும் சத்தம் காணாவிட்டால் வொலியூமைக் குறைத்துவிட்டு கெய்னை "ஹை" ஆக்குங்கள். 8 மணியிலேயே காது அடைத்தால் கெய்ன் கூடிப்போச்சு. நொப்பின் அடிப்பகுதியில் இடதும் வலதும் சமனாக வராது. ஒரு காதில் மட்டும் சத்தம் என்று திகைப்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்ய வேண்டாம்: ஸ்பீக்கர் வயர் பூட்டும் இடத்தில் ஹெட்போனைப் பூட்டுவது. டி.பி.ஏ. 3116 சிப் வைத்த மலிவான கிளாஸ்-டி போர்ட்களில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை நிலம் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. ஹெட்போன் பிளக்கிலோ இரண்டு காதுக்கும் ஒரே பொது வயர். பூட்டியவுடன் இரண்டு வெளியீடும் ஒன்றோடொன்று ஷோர்ட் ஆகும். இரண்டு காதுக்கும் பொது வயர் இல்லாத 4.4 மில்லிமீட்டர் பலன்ஸ்ட் துளையில் இருந்து சாதாரண 3.5க்கு மாற்றும் முனைகளிலும் இதே ஆபத்து.

இனிப் பாஸ்

ஆண்ட்ராய்ட் போனில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்குவலைசர் ஏ.பி.ஓ., இரண்டும் இலவசமாக இறக்கலாம். ஈக்குவலைசர் ஏ.பி.ஓ.வில் "லோ ஷெல்ஃப்" (குறித்த ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் ஒன்றாகக் கூட்டும்) வடிகட்டி ஒன்றைச் சேர்த்து, 100 ஹேர்ட்ஸ், +4 டெசிபல் என்று தொடங்குங்கள். அதோடு "ப்ரீஅம்ப்" இடத்தில் (மொத்தச் சத்தத்தின் அளவு) −4 போட வேண்டும். இதை விட்டுவிட்டால் டிஜிட்டலிலேயே அலையின் தலை வெட்டுப்பட்டு ஒவ்வொரு தொப்பி அடியிலும் "கிரக்" என்று கேட்கும். அதைக் கேட்டு அம்பில் பிழை என்று திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

இந்த −4 தான் அம்பின் இடம். மொத்தச் சத்தம் 4 டெசிபல் இறங்கியதை அம்பின் நொப்பால் ஈடுசெய்கிறீர்கள். 6 டெசிபல் கூட்டினால் வோல்ட் இரண்டு மடங்கு, சக்தி நான்கு மடங்கு. எச்.டி. 650க்கு 2.2 வோல்ட் என்று பார்த்தது 4.5 ஆகிறது. டொங்கிளால் அது முடியாது, நல்ல மேசை அம்ப் மூச்சு வாங்காமல் தரும். 6 டெசிபலுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. திறந்த முதுகு ஹெட்போனில் கூடுதலாக ஏற்றினால் தகடு தட்டுப்படும் சத்தம் வரும், அந்த இடத்தில் உடனே குறையுங்கள். 200 ஹேர்ட்ஸுக்கு ஷெல்ஃபை ஏற்றுவதும் வேண்டாம். ஆண் குரல் பானைக்குள் இருந்து பாடுவது போலாகிவிடும்.

வரக்கூடிய பிழைகள்

பாடகர் குரல் மட்டும் காணாமல் போய், பக்கவாத்தியம் எங்கோ தூரத்தில் கேட்கிறதா? பிளக் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது பொது வயர் அறுந்திருக்கிறது. பொதுத் தொடர்பு இல்லாதபோது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். நடுவில் நிற்கும் குரல் இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் அழிந்துபோகும்.

"ம்ம்ம்" என்ற தொடர் இரைச்சலுக்கு லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் அது நிலவயர் சுற்று, இரண்டு சாதனத்தின் நிலவயர்களும் சேர்ந்து உண்டாக்கும் இரைச்சல். லப்டொப்பையும் அம்பையும் ஒரே பலகையில் குத்துங்கள், இல்லாவிட்டால் பற்றரியில் கேளுங்கள். இரைச்சலை நிறுத்த நிலமுனையை வெட்டுவது உயிரோடு விளையாடுவது.

சத்தமே இல்லாதபோதும் "ஸ்ஸ்" என்றால், காதுக்குள் வைக்கும் சிறிய இயர்போனைப் பெரிய அம்பில் குத்தியிருப்பீர்கள். கெய்னைக் குறையுங்கள். அப்போதும் போகாவிட்டால் அதற்கு டொங்கிளே பொருத்தம்.

நொப்பைத் திருப்பும்போது கரகரப்பு, பிளக்கைச் சுழற்றினால் ஒரு காது போய்வருவது, இரண்டும் குருநகர், பருத்தித்துறை போலக் கடற்கரையோரம் இருக்கும் வீடுகளில் சீக்கிரம் வரும். உப்புக்காற்று பிளக்கில் மங்கலான படலமாகப் படியும். அம்பை நிறுத்தி, வயரைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் அல்ககோல் நனைத்த பஞ்சால் பிளக்கைத் துடையுங்கள். துளைக்குள் அதே பிளக்கைப் பத்துத் தடவை குத்தி இழுத்து, காய்ந்த பிறகு போடுங்கள். மாரி மாதங்களில் அம்பை நிலத்தோடு வைக்காமல், சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளி, மேலே துணி மூடாமல் மேசையில் வையுங்கள்.