ஜிசிஎஸ்இ ஆங்கிலம் இரண்டாம் தாள்: பாராட்டு மாதிரி தெரிந்தால் உஷார்

பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளையோடு இங்கிலாந்தில் வந்து இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகள் எப்படியோ பிடித்துக்கொள்வார்கள். ஜிசிஎஸ்இ என்ற பொதுத்தேர்வு எழுதும் வகுப்புக்கு முந்தைய வகுப்பான இயர் 10-இல் வந்து சேரும் பிள்ளைக்கு அந்த அவகாசம் கிடையாது. ஸ்காட்லாந்து போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம், அங்கே பரீட்சை முறையே வேறு.

அலுவல் விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். நடு வருஷத்தில் பள்ளியில் சேர்க்க முதலில் கவுன்சிலின் தளத்தைப் பாருங்கள். சேர்ந்ததும் ஆங்கிலத்துக்கு எந்தத் தேர்வு வாரியம் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஏக்யூஏ, எடெக்ஸெல், எடுக்வாஸ், ஓசிஆர் என்று பல உண்டு, ஒவ்வொன்றிலும் கேள்வி அமைப்பு வேறு. நான் சொல்லப்போவது ஏக்யூஏ. தமிழ்-ஆங்கில அகராதியை ஆங்கில மொழித் தாளுக்குக் கொண்டுபோக முடியாது. முடிவு கிரேடாக வரும், உச்சமான 9-இலிருந்து 1 வரை, 4 வந்தால் தேறியதாகக் கணக்கு. 3 வந்தால், அடுத்து எந்த முழுநேரப் படிப்பில் சேர்ந்தாலும் ஆங்கிலத்தையும் கூடவே படித்து மறுபடி எழுத வேண்டும்.

என் அக்கா மகனுக்கு வந்தது 3.

ஊரில் ஆங்கிலத்தில் தொண்ணூறுக்குக் குறையாமல் வாங்கிய பையன். இங்கே கணக்கில் 8. அந்த ஆகஸ்ட் வியாழக்கிழமை அக்கா சமைக்கவே இல்லை. திருத்தியதில்தான் தப்பு என்று அத்தான் அடம்பிடித்தார். மறுமதிப்பீடு கேட்கலாம், ஆனால் மதிப்பெண் குறையவும் வாய்ப்புண்டு. அதனால் முதலில் பள்ளி மூலமாக விடைத்தாளின் பிரதியை வாங்கினோம். வாங்கியது நல்லதாகப் போயிற்று.

அவன் சறுக்கியது இரண்டாம் தாளில். அது முழுக்கக் கதையல்லாத உரைநடை. கடிதம், பயணக் குறிப்பு, பத்திரிகைக் கட்டுரை, நாட்குறிப்பு இப்படி இரண்டு பகுதிகள் தருவார்கள், அதில் ஒன்று கட்டாயம் 19-ஆம் நூற்றாண்டு. ஒன்றே முக்கால் மணி நேரம், 80 மதிப்பெண். படித்து விடை எழுதுவதற்கு 40, சொந்தமாகக் கட்டுரை எழுத 40. முதல் கேள்விக்கு 4, எட்டு வாக்கியங்களில் உண்மையான நான்கைக் குறிப்பது. இரண்டாவதற்கு 8, இரண்டு பகுதிகளையும் வைத்துச் சுருக்குவது. மூன்றாவதற்கு 12, ஒரே பகுதியின் மொழிநடை. நான்காவதற்கு 16, இரு எழுத்தாளர்களின் பார்வையையும் அதைச் சொன்ன விதத்தையும் ஒப்பிடுவது. இரண்டாவதில் மொழிநடையைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும் மதிப்பெண் கிடையாது. இதை யாரும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

நம்மூரில் பத்தி கொடுத்துக் கேள்வி கேட்டால் விடை பத்திக்குள்ளேயே படுத்திருக்கும். கண்டுபிடித்து அந்த வரியை அப்படியே எடுத்து எழுதினால் முழு மார்க். இங்கே அந்த வரி மேற்கோள் மட்டும்தான். நாலைந்து சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டு, அதிலிருந்து என்ன தெரிகிறது என்று எழுதுவதற்குத்தான் மதிப்பெண். அணி இலக்கணம் படித்த பிள்ளைகளுக்கு மூன்றாம் கேள்வியில் இன்னொரு பழக்கம் குறுக்கே வரும். எஞ்சின் மிருகம்போல் மூச்சு வாங்கியது என்று ஒரு வரி இருந்தால், ‘இது உவமை, எஞ்சின் மிருகத்தோடு ஒப்பிடப்பட்டது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நிற்கும்போதும் அடங்காமல் எந்த நிமிஷமும் பாய்ந்துவிடும் என்ற பயம் எழுதியவருக்கு இருக்கிறது, அதுதான் ‘மூச்சு வாங்கியது’ என்பதில் தெரிகிறது என்று அடுத்த இரண்டு வரி வேண்டும். பயிற்சி இருந்தால் ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

அவனைக் கவிழ்த்தது இது எதுவுமில்லை. நான்காம் கேள்வி. தாளில் வந்த பகுதியை இங்கே எடுத்துப் போடாமல், அதே ஜாடையில் நானே ஒன்று செய்து காட்டுகிறேன். விக்டோரியா காலத்து ஆள் ஒருவர் தான் குடியிருந்த வீட்டைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “எங்கள் வீட்டுக்காரர் தாராள மனசுக்காரர். கடும் குளிரிலும் ஜன்னல் கண்ணாடியை மாற்றாமல், லண்டனின் காற்றை எங்களுக்கு இலவசமாகவே வழங்கினார். எலிகளின் துணைக்கும் அவர் தனியாக வாடகை கேட்டதில்லை.” இரண்டாவது பகுதி இந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர், பூஞ்சை பிடித்த தன் அறையைப் பற்றி நேரடியாகக் கொதிக்கிறார்.

இவன் எழுதியது: முதலாமவர் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்கிறார், இரண்டாமவர் கோபப்படுகிறார், இருவர் பார்வையும் நேரெதிர். ஒன்றரைப் பக்கம். கையெழுத்து முத்து முத்தாக. இருவருக்கும் ஒரே கோபம், ஒருவர் அதை மரியாதைக்குள் மறைத்து வைத்துக் குத்துகிறார் என்பதுதான் விடை. அடித்தளமே தலைகீழாகப் போன பிறகு மேலே எழுதியதற்குத் திருத்துபவர் எங்கிருந்து மதிப்பெண் போடுவார்?

எனக்கு ஆத்திரம் வந்ததற்குக் காரணம், இது அவனுக்குத் தெரியாத சங்கதியே இல்லை. வஞ்சப்புகழ்ச்சி அணி. கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் இருவருமே நினைத்ததையெல்லாம் செய்பவர்கள் என்ற குறளை விளக்கத்தோடு ஒப்பிப்பான். அதற்கு மேல், நம் வீடுகளில் பாதிப் பேச்சே அப்படித்தானே. எட்டு மணிக்கு எழுந்து வருகிற பிள்ளையிடம் “வாங்க துரை, அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க?” என்று கேட்காத பாட்டி உண்டா? எங்கள் தமிழய்யா தாமதமாக வருகிறவனை எழுந்து நின்று கைகூப்பி வரவேற்பார். அந்தக் கும்பிட்டைவிடப் பிரம்படி மேல் என்று தோன்றும். அவர் குரலை இப்போது கேட்டால்கூட முதுகு நிமிர்ந்துவிடும்.

ஆனால் ஆங்கில உரைநடை என்றதும் நம் பிள்ளைகள் அதைத் தகவலாகப் படிக்கிறார்கள். அச்சில் வந்தது, நூறு வருஷத்துக்கு மேல் பழையது, நீளநீளமான வாக்கியம். அதில் ஒருவர் விளையாடுவார் என்று தோன்றுவதே இல்லை. ‘ஒப்பிடு’ என்ற சொல்லைப் பார்த்ததும் வித்தியாசத்தைத் தேடவும் ஆரம்பித்துவிடுகிறார்கள். அவன் போன டியூஷன் சென்டரில் கடினமான சொற்களின் பட்டியலைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். ரொம்பக் கடினமான சில சொற்களுக்குத் தாளின் அடியிலேயே பொருள் போட்டுத் தருகிறார்களே ஐயா! தொனிக்கு யாரும் பொருள் போட்டுத் தருவதில்லை.

கண்டுபிடிக்க நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். பாராட்டு வந்தால் அடுத்த வரியை உடனே பார். அங்கே எலியும் குளிரும் இருந்தால் அது பாராட்டில்லை. புகழ்ச்சி விஷயத்தைவிடப் பெரிதாக இருந்தாலும் சந்தேகப்படு. அப்புறம், இதை அந்த வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே வாசித்தால் அவர் சந்தோஷப்படுவாரா, முகம் சுருங்குவாரா என்று யோசி. பகுதிக்கு மேலே யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று முன்குறிப்பு இருக்கும், அதைத் தாண்டிப் போகாதே. தொடக்கத்தில் வாசிப்பதற்கு மட்டும் 15 நிமிஷம் எடுத்துக்கொள்ளச் சொல்லி வாரியமே தாளில் போடுகிறது. நம் பிள்ளைகள் மூன்றே நிமிஷத்தில் பேனாவைத் திறந்துவிடுகிறார்கள்.

பயிற்சிக்குப் பழைய தாள்களோடு பிரிட்டிஷ் பத்திரிகைகளின் உணவக விமர்சனங்களைப் படிக்கக் கொடுங்கள். பிடிக்காத ஹோட்டலைச் சிரித்துக்கொண்டே கிழிப்பதில் இந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிள்ளை எந்த இடத்தில் சிரிக்கிறது என்று கவனியுங்கள். சிரிக்கவே இல்லையென்றால் அந்தப் பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பல சமயம் கண் தவறவிட்டதைக் காது பிடித்துவிடும்.

மறுதேர்வு நவம்பரில் நடக்கும். பெயர் கொடுப்பது அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், ஆகையால் பிள்ளை அடுத்துச் சேரும் கல்லூரி திறந்த வாரமே ஆங்கிலத் துறையில் போய்க் கேளுங்கள். அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.