உக்ரைன் சிறுவர்களின் கோடை முகாமுக்கு உதவுவது எப்படி?

2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவிலான போரைத் தொடுத்த பிறகு, மேற்கு உக்ரைனில் உள்ள கார்பாத்திய மலைப்பகுதியில் போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான கோடை முகாம்கள் நடக்கின்றன. உதவ நினைப்பவர்கள் பொம்மையோ பழைய துணியோ அனுப்பாமல் பணமாகக் கொடுங்கள். ரயில் கட்டணம், சாப்பாடு, உளவியலாளர் சம்பளம் மூன்றும் பணத்தால்தான் நடக்கும்.

கொடுக்கும் முன் கேளுங்கள்: பதுங்குமிடம் எத்தனை நிமிட நடையில் இருக்கிறது? (வான்தாக்குதலை எச்சரிக்கும் அபாயச் சங்கு மலையிலும் ஒலிக்கும்.) இரவில் உடனிருக்கும் பெரியவர் யார்? வீடு திரும்பிய குழந்தையோடு யார் தொடர்பில் இருப்பார்? கடைசிக் கேள்விதான் முக்கியம். முகாம் முடிந்ததும் குழந்தைகள் மறுபடி வாடிப்போகலாம்.

தன்னார்வலராகப் போனால், குழந்தை தானாகச் சொல்லாதவரை போரைப் பற்றிக் கேட்காதீர்கள். வற்புறுத்தினால் பயம்தான் கிளறப்படும். சொல்லத் தொடங்கினால் குறுக்கிடாமல் கேளுங்கள், பிறகு உளவியலாளரிடம் தெரிவியுங்கள். திடீர்ச் சத்தம் போரை நினைவூட்டும் என்பதால் பலூன், பட்டாசு, விசில் கூடவே கூடாது. சாப்பாடு, விளையாட்டு, தூக்கம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். அடுத்து என்ன என்று தெரிந்தால் பதற்றம் தணியும். படுக்கையறையில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். அப்பா போர்முனையில் இருந்தால் குழந்தையிடமிருந்து தொலைபேசியைப் பறித்து வைக்காதீர்கள். முகாம் இருக்கும் இடத்தையும் குழந்தைகளின் முகத்தையும் இணையத்தில் போடவே போடாதீர்கள்.