ஃபேன்சி நம்பரும் வேண்டும், கம்பெனியும் மாற வேண்டும்: எதை முதலில் செய்வது?

"போர்ட் பண்ணும்போதே நம்பரையும் நல்லதா மாத்திக்கலாமா?" சிம் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. முடியாது. போர்ட் என்றாலே இருக்கிற நம்பரை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போவதுதான். நம்பர் மாறினால் அது புது இணைப்பு.

இரண்டும் வேண்டுமென்றால் வரிசை இதுதான்: பிடித்த நம்பர் எந்தக் கம்பெனியிடம் கிடைக்கிறதோ அங்கே புது சிம் வாங்குங்கள். 90 நாள் பொறுங்கள்; அதற்கு முன் போர்ட் செய்ய முடியாது. பிறகு உங்கள் வீட்டில் எந்தக் கம்பெனி சிக்னல் எடுக்கிறதோ அங்கே போர்ட் செய்யுங்கள்.

நம்பர் பிறந்த இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சென்னையின் பழைய 98410 நம்பர்கள் ஏர்செல்லுடையவை. 2018-இல் ஏர்செல் திவாலாகி மூடிக்கொண்டது. ஆனால் அப்போது போர்ட் செய்தவர்கள் அதே நம்பரை வேறு கம்பெனி சிம்மில் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

1. நம்பரைத் தேடுவது

தேடிப் பழக பிஎஸ்என்எல்லின் 'சூஸ் யுவர் மொபைல் நம்பர்' தளம் வசதியானது. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் தொடக்க எண், முடிவு எண், கூட்டுத்தொகை என்று பல வழிகளில் தேடலாம். சாதாரண நம்பர்கள் ஒரு பட்டியலிலும், ஃபேன்சி நம்பர்கள் விலையோடு இன்னொரு பட்டியலிலும் இருக்கும். பிடித்ததைத் தொட்டு, இப்போது கையிலிருக்கும் மொபைல் நம்பரைக் கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் ஒரு பின் நம்பர் வரும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போனால் சிம் கிடைக்கும். பின்னுக்கு ஆயுள் சில நாட்கள்தான். அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று விட்டால் நம்பர் திரும்பப் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும். மிக அரிய வரிசைகளை பிஎஸ்என்எல் இணைய ஏலத்தில் விடுகிறது.

ஜியோ, விஐ தளங்களிலும் விருப்ப எண் தேடும் பக்கம் உண்டு. சில நம்பருக்குப் பணம் கேட்பார்கள்; தொகை அவ்வப்போது மாறுவதால், கட்டுமுன் அது நம்பருக்கா, முதல் ரீசார்ஜும் சேர்த்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நியூமராலஜி பார்ப்பவர்கள் பத்து இலக்கத்தையும் கூட்ட வேண்டும். கடைசி நாலை மட்டும் கூட்டி வாங்கிவிட்டு, பிறகு ஜோசியரிடம் போய் வருந்துபவர்கள் உண்டு.

2. வாயால் சொல்லிப் பார்ப்பது

பார்க்க அழகான நம்பர் சொல்ல அழகாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நம்மூரில் நம்பரை ஐந்து ஐந்தாகப் பிரித்துத்தான் சொல்கிறோம். அதனால் ஐந்தாவது இலக்கமும் ஆறாவது இலக்கமும் ஒன்றாக இருந்தால் தடுமாற்றம். உதாரணமாக, 44 அந்த இடத்தில் வந்தால் முதல் பாதி ஒரு 4-இல் முடிந்து, இரண்டாம் பாதி இன்னொரு 4-இல் தொடங்கும். எழுதிக்கொள்பவர் சொன்னதையே திரும்பச் சொல்கிறீர்கள் என்று நினைத்து ஒன்றை விட்டுவிடுவார். அதே 44 கடைசியில் வந்தால் "டபுள் ஃபோர்" என்று ஒரே மூச்சில் முடிந்துவிடும். 'ஃபைவ்', 'நைன்' இரண்டும் அடுத்தடுத்து வந்தாலும் இரைச்சலான பேருந்து நிலையத்தில் பாடுதான். கடைப் பலகைக்கு நம்பர் எடுப்பவர்கள், ஒரு முறை மட்டும் வாயால் சொல்லி, வீட்டில் யாரையாவது எழுதச் சொல்லிப் பாருங்கள். 7777-க்குப் பணம் கொட்டுவதைவிட, 2525 போன்று சும்மா கிடைக்கும் ஜோடி பல நேரம் நன்றாக மனதில் நிற்கும்.

3. பழைய சொந்தக்காரர் இருந்தாரா?

இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். துண்டிக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. புது சிம் என்றாலும் நம்பர் புதிதாக இருக்க வேண்டியதில்லை. அப்படி ஒன்று மாட்டினால் முன்னவருடைய கடன் வசூல் அழைப்பு, வங்கி ஓடிபி எல்லாம் உங்களுக்கு வரும்.

பணம் கட்டுமுன் அந்த நம்பரை போனில் சேமித்து வாட்ஸ்அப்பில் தேடுங்கள். முகப்புப் படம் தெரிகிறதா? ஜிபே அல்லது போன்பேயில் பணம் அனுப்பும் இடத்தில் அதே நம்பரை அடியுங்கள். யாருடைய பெயராவது வந்தால் அது இன்னும் ஒரு வங்கிக் கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேறு நம்பர் பாருங்கள்.

சமூக வலைத்தளங்களில் "விஐபி நம்பர், யூபிசி கோடு உடனே தருகிறோம்" என்று விற்பவர்களிடம் போகாமல் இருப்பது நல்லது. அங்கே கைமாறுவது போர்ட் குறியீடு மட்டும்தான். அதே கோடை நாலு பேருக்கு விற்றால் முதலில் போனவருக்கு நம்பர், மற்றவர்களுக்கு நஷ்டம்.

4. அந்த 90 நாள்

சிம் உங்கள் ஆதாரில், உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். தம்பி பெயரில் எடுத்துவிட்டால் முதலில் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். அது முடியும்வரை போர்ட் நடக்காது. ஒருவர் பெயரில் 9 சிம்தான் என்ற உச்சவரம்பும் உண்டு. ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

காத்திருக்கும் நாட்களில் பழைய நம்பரை உயிரோடு வைத்துக்கொண்டே வங்கி, ஆதார், எரிவாயு, ரேஷன் ஸ்மார்ட் கார்டு ஆகியவற்றில் நம்பரை மாற்றுங்கள். வங்கியும் ஆதாரும் முதலில். வாட்ஸ்அப்பில் கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்காதீர்கள். அமைப்புகளில் 'நம்பரை மாற்று' என்பதைப் பயன்படுத்தினால் குழுக்கள் அப்படியே வரும்.

5. போர்ட்

மெசேஜில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட், ஒரு இடைவெளி, பத்து இலக்க நம்பர். அனுப்ப வேண்டியது 1900-க்கு. பதிலாக எஸ்எம்எஸ்ஸில் யூபிசி என்ற போர்ட் கோடு வரும். இரண்டு சிம் போனில் போர்ட் ஆக வேண்டிய சிம்மிலிருந்தே அனுப்புங்கள். மற்றதிலிருந்து போனால் கோடு வராது. பேக்கில் எஸ்எம்எஸ் இல்லை என்றாலும் 1900-க்கு அனுப்ப வழி தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2021 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

2019 டிசம்பர் 16 முதல், தகுதி இருந்தால் மட்டுமே கோடு வரும். வரவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: 90 நாள் ஆகவில்லை, போஸ்ட்பெய்ட் பாக்கி இருக்கிறது, பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலை முதல் இன்னொன்றும் சேர்ந்தது: சிம் தொலைந்து மாற்று சிம் வாங்கியிருந்தால் 7 நாள் கழியாமல் கோடு கிடைக்காது.

கோடு எழுத்தும் எண்ணும் கலந்து 8 இடம் கொண்டது, தமிழ்நாட்டில் 4 நாள் செல்லும். புதுக் கம்பெனியின் கடைக்குப் போய், கோடை வாயால் சொல்லாமல் மெசேஜைக் காட்டுங்கள். ஒரு எழுத்து பிசகினால் விண்ணப்பம் திரும்பிவிடும். மனம் மாறினால் விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் அதே 1900-க்கு கேன்சல் என்றும் நம்பரையும் அனுப்பி நிறுத்தலாம்.

ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் (பெரும்பாலும் ஒரு மாநிலம்) என்றால் 3 வேலை நாள், வேறு வட்டத்துக்கு 5. மாறும் நேரம் எஸ்எம்எஸ்ஸில் வரும். அந்த நேரத்தில் பழைய சிம் சிக்னல் இழக்கும். உடனே புது சிம்மைப் போட்டு போனை அணைத்துத் திரும்ப ஆன் செய்யுங்கள். சில மணி நேரம் அழைப்பு தடுமாறலாம் என்பதால், மறுநாள் நேர்காணலோ ரயில் பயணமோ இருந்தால் வேறு நாள் பாருங்கள். ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் பேலன்ஸும் பேக்கும் கூட வராது, தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள். போஸ்ட்பெய்டாக இருந்தால் கடைசி பில் போர்ட் ஆன பிறகும் வரும். கட்டாமல் விட்டால் பழைய கம்பெனி கேட்டுக்கொள்ள, புதுக் கம்பெனியே நம்பரை நிறுத்திவைக்கும்.