வீடிழந்த குடும்பம் மீண்டும் ஒரு வீட்டில் நிலைக்க: உதவ வருபவர்களுக்கான செய்முறை

தீ, வெள்ளம், வேலையிழப்பு, சம்பாதித்தவரின் திடீர் மரணம். காரணம் எதுவானாலும் உதவ ஓடி வருபவர்கள் முதலில் துணிமணியும் பாத்திரமும்தான் திரட்டுகிறார்கள். அவற்றை வைக்க ஓர் இடம் வேண்டாமா? இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்காக, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இன்றிரவு எங்கே படுப்பார்கள்?

உறவினர் வீடு என்றால் எத்தனை நாளுக்கு என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். முகாம் என்றால் இடத்தைப் பாருங்கள். ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது ‘ஸ்பியர்’ எனப்படும் சர்வதேச நிவாரண நெறிமுறை. குடும்பத்தைப் பிரித்து ஆளுக்கோர் இடத்தில் தங்கவைப்பதைக் கூடியவரை தவிருங்கள்.

2. காகிதங்கள்

இடிந்ததையும் எரிந்ததையும் சுத்தம் செய்வதற்கு முன்பே படமெடுத்துவிடுங்கள். காப்பீடோ நிவாரணமோ கேட்கும்போது அதுதான் சாட்சி. தொலைந்த அடையாள ஆவணங்களுக்கு உடனே விண்ணப்பியுங்கள். பழைய வீட்டுக்காரரிடம் நிற்கும் முன்பணத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது அவர்களுடைய பணம், கேட்டு வாங்கித் தரலாம்.

3. கணக்கு

இங்கேதான் நல்லெண்ணம் சறுக்குகிறது. நன்கொடை நிறையச் சேர்ந்ததும் பெரிய வீடாகப் பார்த்துக் குடிவைத்துவிடுகிறார்கள். நன்கொடை தீர்ந்த மாதமே வாடகை நிற்கிறது. குடும்பம் மறுபடியும் தெருவில். ஆகவே அந்தக் குடும்பத்தினரோடு உட்கார்ந்து, நிச்சயமாக வரும் வருமானத்தை மட்டும் எழுதுங்கள். ‘வந்தாலும் வரலாம்’ என்பவை இந்தத் தாளில் வேண்டாம். வாடகை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பழைய வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, கைமாற்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். கடனைச் சொல்ல வெட்கப்படுவார்கள். பிள்ளைகள் எதிரில் கேட்காதீர்கள்.

இடையில் யாராவது வந்து, “முதலில் குடியை விடட்டும், வேலை தேடட்டும், பிறகு வீடு பார்க்கலாம்” என்று அறிவுரை சொல்வார்கள். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த வரிசையையே தலைகீழாக்கினார்: தெருவில் வாழ்ந்த மனநோயாளிகளுக்கு நிபந்தனையின்றி முதலில் வீடு, மற்றவை பிறகு. பின்லாந்து 2008 முதல் இதையே தேசியக் கொள்கையாக நடத்துகிறது. நிலையான முகவரி இல்லாதவர் வேலைக்கு விண்ணப்பிப்பதே பெரும்பாடு என்பதை நினைத்தால் இது புரியும்.

4. வீடும் வீட்டுக்காரரும்

வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் செலவையும் வாடகையோடு கூட்டிப் பாருங்கள். மலிவான தொலைதூர வீடு சில சமயம் மலிவே அல்ல. வீட்டுக்காரரிடம் அவர்களின் துயரக் கதையை விரிக்க வேண்டாம். வாடகை தவறாமல் வருமா என்பதுதான் அவருடைய கவலை. வருமானச் சான்றைக் காட்டுங்கள். முன்பணத்தை அவரிடமே நேரடியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒப்பந்தம் அந்தக் குடும்பத்தின் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரில் வேண்டாம்.

5. குடியேறிய பின்

முதல் மூன்று மாதங்கள் தொடர்பில் இருங்கள். வாடகை தாமதமாகும் என்று தெரிந்தால், கெடு நாளுக்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லித் தவணை கேட்கும்படி அவர்களிடம் கூறுங்கள். நீங்கள் பேச வேண்டாம்; அருகில் இருந்தால் போதும்.