மின்சாரக் கார் வாங்கும் முன் வீட்டு எர்த்தைப் பாருங்கள்

"ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" நான் கார் வாங்கிய இந்த இரண்டு வருடத்தில் திருச்சியில் இதைக் கேட்காத ஆள் இல்லை. முதலில் கேட்க வேண்டியது அது இல்லை. ராத்திரி வண்டியை எங்கே சார்ஜ் போடப் போகிறீர்கள்?

ஒரு மாதம், தினமும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். எனக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர் கடை, பிள்ளைகளின் பள்ளி, மார்க்கெட் எல்லாம் சேர்த்து 35 தாண்டவில்லை. மாதம் ஒரு முறை தஞ்சாவூர் அம்மா வீடு, போய்வர 120. என் கார் டாடா டியாகோ; அதன் 24 யூனிட் பேட்டரிக்கு 2022-ல் அறிவித்த தூரம் 315 கிலோமீட்டர். அது சோதனைக்கூடக் கணக்கு. ஏசி போட்டு நாலு பேர் உட்கார்ந்தால் எனக்கு 200 கிடைக்கிறது. நீங்களும் அறிவித்ததில் மூன்றில் இரண்டு பங்கு என்றே வைத்துக்கொண்டு நோட்டோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே. நான் கூப்பிடவில்லை. முதல் ராத்திரி பிளக்கைச் சொருகியதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு. வண்டியில்தான் கோளாறு என்று பதறிவிட்டேன். மறுநாள் பார்த்தால் வீட்டு எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்குள் இறக்கும் இணைப்பு, சரியில்லை. எர்த் இல்லாவிட்டால் சார்ஜ் ஏறாதபடி பாதுகாப்புக்காக வைத்திருக்கிறார்கள். எங்கள் எர்த் குழி பழசு, கோடையில் மண் காய்ந்து கிடந்தது. புதுக்குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, மீட்டரிலிருந்து தனி வயர் இழுத்து, தனி எம்.சி.பி.யும் (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச்) 15 ஆம்ப் பிளக்கும் வைத்தோம். தண்ணீர் மோட்டார் ஓடும் லைனிலேயே இதையும் போடாதீர்கள். எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும்போது மெல்லிய வயர் சூடாகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு ஊற்றுகிறேன்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை வயர் வர வழியில்லையென்றால் அவசரப்பட வேண்டாம்.

"பேட்டரி போச்சுன்னா பாதி கார் விலை ஆயிடும்மா" என்று என் மாமனார் பயந்தார். நியாயமான பயம். என் வண்டிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. திறன் எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள், விற்றால் அடுத்தவருக்கும் செல்லுமா என்பதை வாரண்டிப் புத்தகத்தில் காட்டச் சொல்லுங்கள்.

ஓட்டிப் பார்க்க அரை மணி நேரம் போதாது. குடும்பத்தோடு, உச்சி வெயிலில், ஒரு முழு நாள் கேளுங்கள். ராத்திரி உங்கள் வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் போட்டுப் பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள்.