மன்னார்குடியில் ஒரு கணினியைக் கோத்த கதை: கல்யாண வீடியோவுக்குப் போதும், கடனும் இல்லை

நான்காம் தலைமுறை ஐ5 கணினி ஒன்றில் ஆறு வருடம் கல்யாண வீடியோ வெட்டினேன். தாலி கட்டும் காட்சியில் ஒரு டிசால்வ் (ஒரு காட்சி கரைந்து அடுத்தது தோன்றுவது) போட்டால், அது ஓடி முடிவதற்குள் நாதஸ்வரக்காரர் சாப்பிட்டுவிட்டு ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடுவார். கேமரா 4கே ஆனது, கணினி மட்டும் அப்படியே கிடந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவும் முடியப்போகிறது என்று தெரிந்தபோது இனித் தள்ளிப்போட வழியில்லை. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் பிராசசர்கள் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. கை ஓய்ந்திருந்த அந்த மாதத்தில், 50,000 ரூபாய்க்குள், பழைய மானிட்டரை வைத்துக்கொண்டு நானே ஒன்றைக் கோத்தேன். தயாராக விற்கும் பெட்டிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. "ஐ5, 16 ஜிபி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்த ஐ5, உள்ளே என்ன பவர் சப்ளை என்று கேட்டால் கடைக்காரர் டீ சொல்லப் போய்விடுவார்.

படி 1: பாகங்களைத் தேர்ந்தெடுப்பது

பிராசசர்: இன்டெல் ஐ5-12400. 6 கோர், 12 த்ரெட். 2022-இல் வந்தது, பழசுதான், அதனால்தான் நான் வாங்கியபோது விலை இறங்கியிருந்தது. பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் வாங்காதீர்கள். கொஞ்சம் மலிவாக இருக்கும், ஆனால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்காது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் மானிட்டரில் ஒன்றும் வராது.

வீடியோ வேலைக்கு அந்த உள்ளமைந்த கிராபிக்ஸ் முக்கியம். இப்போதைய கேமராக்கள் பல 10 பிட், 4:2:2 எச்.265 என்ற, நிறத்தை நுணுக்கமாகப் பதித்து இறுக்கிச் சுருக்கும் வடிவத்தில் பதிவு செய்கின்றன. இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸில் இருக்கும் குயிக் சிங்க் என்ற வசதி அதை வன்பொருளிலேயே விரித்துக் காட்டும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்திய என்விடியா கார்டுகளுக்கு அது முடியாது. பெரிய கார்டு வாங்கிவிட்டு ஏன் இழுக்கிறது என்று தலையைச் சொறிபவர்களைப் பார்த்திருக்கிறேன். கார்டை அடுத்த தை மாதத்துக்குத் தள்ளிவைத்தேன். தை பிறந்தது, முகூர்த்தங்களும் முடிந்தன, இன்னும் தேவைப்படவில்லை.

மதர்போர்டு: டிடிஆர்4 தலைமுறை ராம் ஏற்கும் பி760 சிப்செட் பலகை. எச்610 இன்னும் மலிவு, ஆனால் ராமுக்கு இரண்டே இடம். பி760-இலேயே டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு வகைப் பலகைகள் இருக்கின்றன. ஒன்றின் ராம் மற்றதில் உட்காராது, பள்ளம் வேறு இடத்தில் இருக்கும். பில் போடும் முன் அட்டைப்பெட்டியைப் படியுங்கள்.

ராம் 8 ஜிபி இரண்டு. எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ, அதாவது மதர்போர்டில் நேராகச் செருகும் வேகமான வகை. கேபிளில் இணைக்கும் பழைய சாட்டா எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பியோடு நின்றுவிடும். சாதாரண என்விஎம்இ அதைப்போல ஐந்தாறு மடங்கு போகும்.

கேபினட்டுக்கு முகத்தில் தூசி வலை இருந்தால் போதும். வண்ண விளக்குக்குக் கொடுக்கும் காசு வீண். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது அறுவடை இயந்திரம் கிளப்பும் பதரும் தூசியும் எங்கே போகின்றன என்று அந்த வலையைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்.

மிச்சம் பிடிக்கக் கூடாதது பவர் சப்ளை. ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளீடு '100-240 வோல்ட்' என்று இருக்க வேண்டும். குறுவைக்குத் தண்ணீர் இறைக்க மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் தெருவில் மின்னழுத்தம் 170-க்கு இறங்கும். '200-240' என்று போட்ட மலிவுச் சரக்கு அப்போது அணைந்து அணைந்து எரியும். 550 வாட், '80 பிளஸ் பிரான்ஸ்' (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான வெண்கலத் தரச்சான்று) வாங்கினேன்.

படி 2: கோப்பது

திருகுகளை எங்கே போடுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை, கையேட்டில் படம் இருக்கிறது. மூன்று இடங்கள் மட்டும்.

இந்த பிராசசர் உட்காரும் எல்ஜிஏ 1700 வகைச் சாக்கெட்டில் ஊசிகள் பலகையில்தான் இருக்கின்றன. அங்கே விரல் படக் கூடாது.

நான்கு ராம் இடங்கள் உள்ள பலகையில், பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் ராமைச் செருகுங்கள். முதல் இரண்டிலும் பக்கத்துப் பக்கத்தில் செருகினால் கணினி ஓடும், ஆனால் இரண்டும் இரட்டை வழியாக (டூயல் சேனல்) சேர்ந்து ஓடாது, வேகம் குறையும்.

பிராசசர் பெட்டியோடு வரும் கூலரின் (குளிர்விக்கும் விசிறி) நான்கு கால்களையும் குறுக்குக்குறுக்காக அழுத்துங்கள். நான்கு முறை 'டக்' கேட்க வேண்டும். எனக்கு மூன்றுதான் கேட்டது. நான்காவது கேட்டிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பயாஸில் (விண்டோஸ் ஏறும் முன் வரும் அமைப்புத் திரை) வெப்பம் 90 டிகிரியைத் தாண்டியபோதுதான் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கால் துளைக்குள் வராமல் மடங்கி நின்றது.

படி 3: சுவிட்சைப் போடும் முன்

எனக்கு ஒரு வாரம் போனது இங்கேதான்.

கணினி ஓடியது. விண்டோஸ் ஏறியது. வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்றபடி புறங்கையால் கேபினட்டைத் தொட்டபோது எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. யுஎஸ்பி ஹார்டு டிஸ்கில் நகல் எடுக்கும்போது பாதியில் அறுந்துபோனது. புது பவர் சப்ளை பழுது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப்போனேன். அங்கே ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்தால் மறுபடி எறும்பு.

தெருவில் எல்லாருக்கும் வேலை செய்யும் வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். "எர்த் இருக்கிறது அண்ணே, மூன்று பின் பிளக்தானே" என்றேன். "சுவரில் மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறது என்று யார் தம்பி சொன்னது?" என்று கேட்டுவிட்டு மல்டிமீட்டரை எடுத்தார். கேபினட்டுக்கும் கொல்லையில் இருக்கும் அடிபம்புக்கும் இடையே 110 வோல்ட் சொச்சம் காட்டியது.

காரணம் எளிது. பவர் சப்ளையின் வாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு மின்தேக்கிகள் உண்டு. ஒன்று பேஸிலிருந்தும் (மின்சாரம் வரும் கம்பி) இன்னொன்று நியூட்ரலிலிருந்தும் (திரும்பிப் போகும் கம்பி) வந்து கேபினட்டில் சேரும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட் இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கசிவு மிகச் சிறியது என்பதால் ஊறல் மட்டும். உள்ளே வேறு ஏதாவது பழுதானால் அது ஊறலோடு நிற்காது.

கொல்லையில் போய்த் தோண்டினோம். துவைக்கும் கல்லைச் சுற்றிச் சிமெண்ட் போட்டபோது எர்த் கம்பியைக் கொத்தனார் வெட்டி, நுனியை அழகாகப் பூசி மூடியிருந்தார். புதிதாகக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கினோம். எறும்பு போயிற்று, நகலும் முழுதாக முடிந்தது.

நீங்கள் தொடங்கும் முன்பே வயர்மேனிடம் சொல்லிப் பிளக்கில் அளக்கச் சொல்லுங்கள். பேஸ்-எர்த் 230 அளவிலும், நியூட்ரல்-எர்த் சில வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் மீட்டரைத் தாமே நுழைக்க வேண்டாம்.

படி 4: மென்பொருள்

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட ஆசைப்பட்டேன், போட்டும் பார்த்தேன். வீடியோ வெட்டும் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. கேமராவிலிருந்து வருவதெல்லாம் அவைதான். ஒவ்வொன்றையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்று விண்டோஸுக்குத் திரும்பினேன். வீடியோ வேலை இல்லாதவர்களுக்கு மின்ட் தாராளமாகப் போதும்.

பிற்சேர்க்கை 1: வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் வீட்டில் எர்த் இல்லை, வயர்மேன் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டார், ஊறல் நின்றுவிட்டது, சரிதானே என்று கேட்கிறார். சரியில்லை, இன்றே பிரித்துவிடுங்கள். காற்றில் நியூட்ரல் கம்பி அறுந்தால் கேபினட்டில் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். 2018 கஜா புயலில் கம்பங்கள் சாய்ந்து கிடந்ததைப் பார்த்த ஊர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிற்சேர்க்கை 2: வீட்டு இன்வெர்ட்டரே போதுமா, தனி யுபிஎஸ் வேண்டுமா என்று பலர் கேட்டார்கள். இன்வெர்ட்டரின் பின்புறம் 'யுபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால், மின்சாரம் போனதும் பேட்டரிக்கு மாறுவதற்குள் கணினி அணைந்துவிடலாம். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் உடனே மாறும், ஆனால் மின்னழுத்தம் சற்று இறங்கினாலே பேட்டரிக்குத் தாவும். மோட்டார் ஓடும் பருவத்தில் எங்கள் வீட்டுப் பேட்டரி மத்தியானத்துக்குள் தீர்ந்தது. 600 விஏ யுபிஎஸ் தனியாக வைத்துவிட்டேன். கோப்பைச் சேமித்து அணைக்க அது கொடுக்கும் நேரம் போதும்.

பிற்சேர்க்கை 3: 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களுக்கு நினைவகச் சில்லுகள் போவதன் விளைவு. என் பட்டியலின் கணக்கு இனி ஒத்துவராது. பழைய கணினியில் டிடிஆர்4 ராம் இருந்தால் கழற்றிப் பயன்படுத்துங்கள். என்னுடையது டிடிஆர்3. அது அந்தப் பழைய பெட்டியோடு பரணில் இருக்கிறது.